இல்லாத தாயம்மா

"யார்ரா இந்தத் தாயம்மா?"

எத்திராஜ் சார் கத்திய கத்தலில் சென்னை பாடியில் இருந்த அவரது லிஃப்ட் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது.

"அப்படி யாரும் இல்ல சார். டெஸ்ட்டுக்காக நானா வெச்ச பேரு" என்றான் விஷால்.

"இல்லாத பொம்பளைக்காக லிஃப்ட்டை நிறுத்தி வெச்சிகினு கீறியா?"

லிஃப்ட்டை ஓட்டும் சாஃப்ட்வேருக்கு எல்லாம் சேர்ந்து சரியாக ஓடுகிறதா என்று பார்க்க விஷால் எழுதிய ஃபீச்சர் டெஸ்ட், தேறாமல் திரையில் சிவப்பாக நின்றது: 'தாயம்மா மூன்றாம் மாடி பட்டனை அழுத்தினால், மூன்றாம் மாடியில் இறங்க வேண்டும்.'

ஒரே ஒரு டெஸ்ட் சிவப்பாக இருந்தாலும் சாஃப்ட்வேர் வெளியே போகாது. நாளைக்குத் திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில் லிஃப்ட் ஓடியாக வேண்டும்.

"யூனிட் டெஸ்ட் இன்னாச்சு?"

"ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாப் பார்த்தா எல்லாம் பச்சை சார். கதவைத் திறன்னா திறக்குது. மோட்டாரை ஏறுன்னா ஏறுது. சேர்த்து ஓட்டினாத்தான் வம்பு. ஒண்ணு பண்றது இன்னொண்ணுக்குத் தெரியல."

"எங்கூட்லயும் அப்டித்தான்டா. நாங்க குடும்பம் நடத்தல?"

இவரிடம் பேசிப் புண்ணியமில்லை. ஆயுத பூஜைக்கு வாங்கிய பூசணிக்காயை ட்ரையல் லிஃப்ட்டில் வைத்து, மூன்றை அழுத்திவிட்டான் விஷால்.

காய் மேலே போனது. "மூன்றாம் மாடி. நன்றி, வணக்கம்" என்று லிஃப்ட் காய்க்கு மரியாதை செய்தது. ஆனால் கதவு திறந்தது கீழே, தரைத்தளத்தில். உள்ளே வெறும் குழி.

சார் குழியை எட்டிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"காய்க்கு ஒண்ணும் ஆவலியே?"

"சார், கீழ நிக்கிற ஆளு கதவு திறந்துச்சுன்னு காலை வெச்சா..."

"வாயை மூடு. அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம். இப்ப அந்தத் தாயம்மாவை அழி. அழிச்சா வேலை. இல்லாட்டி ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

வேறு வேலை எங்கே கிடைக்கும்? விஷாலின் விரல் டெலீட் பட்டனுக்குப் போனது.

சாரின் போன் அடித்தது. எடுத்ததும் குரல் அப்படியே குழைந்தது.

"சொல்லு சிம்ரனு... ஆமாம்மா, உங்க ஃப்ளாட்டுக்குத்தான். நாளைக்கு ஓடிடும். எங்கப்பா போட்ட லிஃப்ட்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லு... இன்னாது, மொத ஆளா நீயே ஏறப்போறியா? வேணாம் வேணாம்! நீ குழந்தையைத் தூக்கிகினு படியிலயே ஏறு. உடம்புக்கு நல்லது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அழிச்சிட்டியா?"

அழிக்கவில்லை. தாயம்மாவுக்குக் கீழே இன்னொரு டெஸ்ட்டை அடித்துக்கொண்டிருந்தான் விஷால்: 'சிம்ரன் கைக்குழந்தையோடு மூன்றாம் மாடி பட்டனை அழுத்தினால்...'