அனுசுயாவின் பெரிய பெட்டி

அனுசுயா குளியலறைக் கதவைச் சாத்தியதும், இளவரசன் அவளுடைய பெரிய பெட்டியைச் சத்தமில்லாமல் திறந்தான்.

பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோவில் அரை மணி நேரம். அவன் அக்கா மகளின் ஒருநாள் கல்யாணத்துக்கு இவ்வளவு பெரிய பெட்டியா? போன கல்யாணத்தில் இதே பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போய் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நாலு புடவையைத் தூக்கத் தெம்பில்லை, இவரெல்லாம் ஒர்க்‌ஷாப்புல என்னத்தத் தூக்குறாரோ!" என்று சொந்தக்காரர்கள் நடுவில் அவன் மானத்தை வாங்கினாளே, அதை மறக்க முடியுமா?

"இருடி, இன்னைக்கு உனக்கு இருக்கு!"

உள்ளே ஐந்து புடவைகள். ஐந்தும் மடிப்புக் கலையாத புதுசு. எப்போது வாங்கினாளோ, கடைக்குக் கூப்பிட்டாலே அவன்தான் ஷிஃப்ட் இருக்கிறது என்று நழுவிவிடுவானே! வயிறு எரிந்தது. அத்தனையையும் பரணில் போட்டுவிட்டு, பழைய பேப்பர் கட்டுகளைத் திணித்து மூடினான்.

ஆட்டோவில் ஏறும்போது அவள் தோளில் ஒரு சின்னப் பை தொங்கியது.

"பெட்டி பத்தாதுன்னு இது வேறயா?"

"நீங்கதானே உன் சாமானைக் குறைடின்னு உயிரை எடுத்தீங்க? குறைச்சுட்டேன்."

மடியில் இருந்த பெட்டியைப் பார்த்து அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மண்டபத்தில் இறங்கியதுமே அவள் சொன்னாள். "ஏங்க, பெட்டியைப் பொண்ணு ரூமுக்குக் கொண்டாங்க."

ஆஹா! சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். இடுப்பு வலியை மறந்து தூக்கிக்கொண்டு ஓடினான்.

மணப்பெண் தேவதர்ஷினி தலை அலங்காரம் முடிந்து காத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா செல்லக்கிளி ஐந்து வெறும் தாம்பாளங்களை வரிசையாக வைத்திருந்தாள். அனுசுயா பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். பேப்பர் கட்டுகள் சரிந்து விழுந்தன.

"என்ன அனு, கல்யாணத்துக்குப் பேப்பர் படிக்கவா வந்தே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான் இளவரசன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

அனுசுயா பேப்பரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு செல்லக்கிளியிடம் நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணி, தாய்மாமன் சீர்ப் புடவையெல்லாம் எங்கேன்னு உங்க தம்பியையே கேளுங்க."