ஆறு மணி கிளாரினெட்

நான்காவது தடவையாக அவள் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை.

"யார் வரப்போறாங்க, போலீஸா?" என்றான் கணவன். "அதான் அறிவிப்பு ஒட்டியாச்சே. இனிமே வர்றதுக்கு என்ன இருக்கு."

அறிவிப்பு மூன்று நாளாகத் தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தது. 'பதினான்காம் எண் வீட்டில் தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை கிளாரினெட் வாசிப்பது தொந்தரவாக இருப்பதாகப் புகார் வந்துள்ளது. கருத்துச் சொல்ல விரும்புவோர் ஞாயிறு மாலைக்குள் அலுவலகத்தில் சொல்லலாம். யாரும் சொல்லாவிட்டால் திங்கள் முதல் வாசிக்கத் தடை.' புகார் எழுதியவர் பெயர் இல்லை. அதைப் பார்த்த அன்றே அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

இன்று ஞாயிறு. மணி ஐந்தரை.

கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தான். மூடினான். மறுபடி திறந்து பார்த்தான். பகலெல்லாம் குளிர்பதனக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கி மரத்துப்போகும் விரல்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் உயிர் வரும். நாளை முதல் அதுவும் இல்லை.

"எதிர்வீட்டு நர்ஸ்தான்," என்றான். "நைட் டூட்டி போறவ. சாயங்காலம் அவ தூங்குற நேரம்."

"பாவம், அவங்களை ஏன் சொல்றீங்க?"

"அப்ப மேல்வீட்டு பஸ் டிரைவர். நான் ஆரம்பிச்சா போதும், தரையில டொக்கு டொக்குன்னு தட்டுறான். நிறுத்துடாங்கிறான். எனக்குப் புரியாதா?"

"நிறுத்தச் சொல்றவர் தாளம் தப்பாமத் தட்டுவாரா?"

"நீ வேற."

ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்தான். மேடையில் ஆறு புதுக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"ரெண்டு பேருக்கு எதுக்கு ஆறு கப்?"

"ரெண்டா தரமாட்டேன்னுட்டான். செட்டாத்தான் விக்கிறான்."

"வீட்டையே காலி பண்ணப் போறோம், இவ கப் வாங்குறா."

"யார் காலி பண்றது?"

"நாமதான். வந்து எட்டு மாசம் ஆச்சு. லிஃப்ட்ல ஏறினா ஒருத்தர் நம்ம முகத்தைப் பார்க்கிறாங்களா? எல்லாரும் மாடி நம்பரையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. புகார் எழுத மட்டும் தெரியுது."

"நீங்க வாசிக்கிறப்போ படியில நின்னு கேக்குறாங்க. நான் பார்த்திருக்கேன்."

"கேக்குறவங்க கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"காரணம் இல்லாம எப்படித் தட்டுவாங்க? நாம யார் வீட்டையாவது தட்டினோமா?"

அவன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். ஐந்து நிமிடத்தில் வெளியே இழுத்தான்.

அழைப்பு மணி அடித்தது. அதில் அப்படி ஒரு சத்தம் வரும் என்றே அவனுக்குத் தெரியாது.

நர்ஸ், பஸ் டிரைவர், கீழ்வீட்டுத் தையல்காரி. மூவரும் நெருக்கியடித்து நின்றார்கள். நர்ஸ் கையில் ஒரு தாள்.

"கூட்டமா கிளம்பி வந்துட்டாங்க," என்று மனைவியிடம் தமிழில் முணுமுணுத்தான்.

அந்த மூவருக்கும் மூன்று தாய்மொழி. ஊரின் பொதுமொழியை ஆளுக்கொரு விதமாக உடைத்துப் பேசினார்கள்.

"மொத்தம் இருபது வீடு," என்றாள் நர்ஸ். "உங்க வீட்டை விட்டுட்டு பத்தொன்பது வீட்டுலயும் கையெழுத்து வாங்கியாச்சு. யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு எழுதி ஆபீஸ்ல குடுத்துட்டோம். இது நகல். நீங்க வாசிக்கலாம்."

அவனுக்கு விளங்கச் சற்று நேரமானது.

"உங்க மூணாவது பாட்டுதான் எனக்கு அலாரம். மூணு நாளா டூட்டிக்கு லேட்," என்றாள் நர்ஸ்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "தட்டுறது நான்தான். சும்மா தாளம் போட்டுப் பார்த்தேன். தொந்தரவுன்னா விட்டுடுறேன்."

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

தையல்காரி மூன்றாவது பாட்டை முனகினாள். வார்த்தைகள் அவள் மொழியில் இருந்தன. பாதியில் நிறுத்தினாள். "இந்த இடத்துல தினமும் தடுமாறுறீங்க. நானும் மிஷினை நிறுத்திட்டுக் காத்திருப்பேன்."

"சரியா வந்துடும்," என்றான் அவன். பெட்டியைத் திறந்தான்.

ஏழு மணிக்கு வாசிப்பு நின்றது. பேச்சு நிற்கவில்லை. நர்ஸ் பாதி டீயோடு டூட்டிக்கு ஓடினாள். அடுத்த ஞாயிறு யார் வீட்டில் என்பதில் மற்ற இருவருக்கும் ஒரு சின்னத் தகராறு வந்து, தையல்காரி ஜெயித்தாள்.

அவர்கள் போன பிறகும் அவனால் உட்கார முடியவில்லை. அந்தத் தாளை எடுத்துக் கையெழுத்துகளை மேலிருந்து கீழாக எண்ணினான். கீழிருந்து மேலாகவும் எண்ணினான்.

"பத்தொன்பது சரியா இருக்கு. அப்ப புகாரையும் எழுதிட்டு, இதுலயும் கையெழுத்துப் போட்டிருக்கான் ஒருத்தன். எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்?"

"விடுங்களேன்," என்றாள் மனைவி. கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் நம்ம வீட்டுல மணி அடிச்சிருக்கு."

"அது வேற, இது வேற. எழுதினது யாருன்னு மட்டும் தெரியட்டும், அந்தக் கையை முறிக்கிறேன்."

அவள் குழாயை மூடினாள். ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, வலது கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"முறிங்க."