குளிப்பாட்டியும் போகாத நாற்றம்

பாருங்கள் கண்ணுகளா, முடிதிருத்தும் கடையின் பின்னறையில், ஜன்னல் வெயில் விழுந்த துண்டின் மேல், கடைக்காரரும் மனைவியும் வளர்க்கும், உள்ளங்கையில் அடங்கும் கினிப்பன்றி கண் பாதி மூடிக் கிடக்கிறது. மேலே பவுடர் மணம். அதையும் மீறிப் புளித்த மாவு போல ஒரு நாற்றம். நாற்றம் என்றதும் கடைக்காரர் மூன்று நாளாக ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிப் பவுடர் பூசியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே! மனைவி இப்போதுதான் போனைக் காதில் வைத்தபடி அதன் வாயை முகர்ந்துவிட்டு நிமிர்கிறாள். "நாத்தம் மேல இல்லைங்க, உள்ள இருந்து வருது. புல்லுதான் இதுக்குச் சாப்பாடுன்னு டாக்டர் போன்ல சொல்றாரு. நாம பாலும் ரொட்டியும் ஊட்டி வயித்தைக் கெடுத்துட்டோம். உடனே தூக்கிட்டு வரச் சொல்றாரு." கடைக்காரர் ஒரு புல்லை அதன் உதட்டில் வைக்கிறார். "ஒரு வாய், ராசாத்தி. ஒரே ஒரு வாய்." அது திறப்பதாயில்லை. வயிறு கல்லாய் உப்பியிருக்கிறது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாடிக்கையாளர் எழுந்து வந்து கதவோரம் நிற்கிறார். "அண்ணே, என் தாடி எங்கயும் ஓடிடாது. வாங்க, என் வண்டியிலயே போயிடலாம்." கடைக்காரர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறார், பொத்தான் போட விரல் வரவில்லை. மனைவி போட்டுவிடுகிறாள், ஒவ்வொன்றாக, அது மூச்சு விட ஒன்றை மட்டும் திறந்து வைத்து.