கேசரி ஏற்றிய விலை

வெள்ளி, மாலை ஆறரை.

எங்கள் வாடகை வீட்டின் விலை வாசல் பலகையில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பம்மலில் இப்போது எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். தெரு இணக்கமாக இருந்தால் ஏறும், சண்டை நடந்தால் இறங்கும். காலையில் அறுபத்தெட்டு லட்சம். அறுபதுக்கு வந்தால் நாங்களே வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் வேறு யாருக்காவது விற்றுவிடுவார், மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

அதனால் அம்மாவும் பக்கத்து வீட்டு ஜரீனா அக்காவும் இன்று சண்டை போட ஒப்புக்கொண்டார்கள். நான் மாலை வகுப்புக்குப் போகாமல் வசனம் எழுதிக் கொடுத்தேன்.

“பிரியாணி குடுத்த டப்பா எங்கடி கோமு? முழுங்கிட்டியா?” என்று அக்கா அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

“உன் ஓட்டை டப்பா யாருக்குடி வேணும்? இந்தா, எடுத்துட்டுப் போ.”

விலை அறுபத்தொன்றுக்கு இறங்கியது. அக்கா டப்பாவைத் திறந்தார். உள்ளே சூடாகக் கேசரி. வெறும் பாத்திரமாகத் திருப்பித்தர அம்மாவுக்கு மனம் வரவில்லை. பலகை எழுபதுக்குத் தாவியது.

“காலியா குடுக்கணும்னு ஏன்டி எழுதல?” என்று அம்மா என்னைத் திட்டினார். என் தவறுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். “நெய்யே இல்ல, கோமு. நாளைக்கு இதுக்கே சண்டை போடுவோம். வசனம் வேணாம்.”