நாற்பது டிக்

மூன்றாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். ஒருவருக்கு ஐந்து பாடம். ஒரு பாடத்துக்கு எட்டு வரி.

நாற்பதாவது டிக்கைப் போட்டு டீச்சர் அந்த ரேங்க் கார்டை மூடினாள். அடுத்ததைத் திறந்தாள்.

‘எளிய சொற்களைப் பிழையின்றிப் படிக்கிறார்.’

டிக்.

‘ஓரிலக்க எண்ணால் பெருக்குகிறார்.’

டிக்.

‘நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதன் அவசியத்தை உணர்கிறார்.’

உணராமல் என்ன. டிக்.

கார்டில் பிள்ளைகளுக்கு மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. படிக்கிறார், பெருக்குகிறார், உணர்கிறார். வெளியே, உணர்ந்தவர்கள் இரண்டு பேர் குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்துபோய் ஓர் அதட்டல் போட வேண்டும்.

அவள் எழவில்லை.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். இன்னொருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். காலையிலிருந்து ஐந்து வகுப்பும் அவள் தலையில்.

டிக் போடாமலும் விடலாம். விட்டால் ஏன் விட்டாய் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பினால் அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு திட்டம் எழுத வேண்டும். எழுதினால் நடத்த வேண்டும். எந்த நேரத்தில் நடத்துவது?

வேலைக்குச் சேர்ந்த வருடம் எல்லாப் படிவத்தையும் நிரப்பினாள். ராத்திரி சாப்பாட்டை மறந்துவிட்டுத் திட்டம் எழுதினாள்.

இது பதினோராவது வருடம்.

வெட்கமாகத்தான் இருந்தது. அதையும் உட்கார்ந்துதான் பட வேண்டியிருந்தது.

மாதம்மாள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். கோபிகாவின் அம்மா. நாளையிலிருந்து அரையாண்டு லீவு. அதற்குள் வீட்டிலிருந்து யாராவது வந்து கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாதம்மாள் ஸ்டாம்ப் பேடில் பெருவிரலை அழுத்தி, காட்டிய இடத்தில் வைத்தாள்.

போகவில்லை.

இடுப்பில் செருகியிருந்த பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். மூன்று மாத்திரை அட்டைகள். மூன்றும் வெள்ளை மாத்திரை. ஒவ்வொன்றின் முதுகிலும் மருந்துக்கடைக்காரர் பேனாவால் எழுதியிருந்தார்.

காலை. மதியம். இரவு.

“ஓசூர்ல பத்து நாளு வேல இருக்குது டீச்சர். இவங்கப்பாவுக்குத்தான், சாரத்துலருந்து விழுந்ததுல நெனப்பு நிக்கறதில்ல. போட்டதையே திருப்பிப் போட்டுக்குவாரு. போன மாசம் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயிட்டுது. முன்னெல்லாம் கலரப் பாத்து நானே எடுத்துக் குடுத்துருவேன். இந்தத் தடவ மூணும் ஒரே கலரா குடுத்துட்டாங்க. வீட்டுல படிக்கத் தெரிஞ்சது இவ ஒருத்திதான். போன பருவம் கார்ட நீங்கதானே வாசிச்சுச் சொன்னீங்க, நல்லா படிக்குதுன்னு? அந்த தைரியத்துலதான் மேஸ்திரிகிட்ட வரேன்னுட்டேன்.”

கார்டை வாசித்துக் காட்டச் சொல்லி இந்தப் பள்ளிக்கூடத்தில் இதுவரை கேட்டது மாதம்மாள் ஒருத்திதான்.

டீச்சர் கோபிகாவைக் கூப்பிட்டாள்.

குழாயடியிலிருந்து ஓடிவந்தாள். பாவாடை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. மாதம்மாள் ஓர் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“டீச்சருக்குப் படிச்சுக் காட்டு.”

கோபிகா அட்டையைப் பார்க்கவில்லை. டீச்சரின் வாயைப் பார்த்தாள்.

வகுப்பைப் பார்வையிட யாராவது வந்தால் அப்படித்தான். டீச்சர் சுவரோரமாக நின்றுகொண்டு முதல் எழுத்தை உதட்டில் காட்டுவாள், சத்தம் வராமல். பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். வந்தவர்கள் திருப்தியோடு டீ குடித்துவிட்டுப் போவார்கள். அதை எல்லோரையும்விடச் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டவள் கோபிகா.

இப்போதும் காட்டலாம். உதட்டைக் கொஞ்சம் விரித்தால் போதும். மாதம்மாள் நிம்மதியாக பஸ் ஏறுவாள். கார்டும் பொய்யாகாது.

டீச்சர் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கோபிகா காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, கணீரென்று சொன்னாள்.

“காலை.”

நல்ல குரல். ஆண்டு விழாவில் வரவேற்புரை முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தவள்.

மாதம்மாளின் முகமெல்லாம் சிரிப்பு. மாத்திரைகளை அள்ளிப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

கோபிகாவின் கையில் இருந்தது இரவு.

டீச்சர் எட்டி அந்த அட்டையை வாங்கிக்கொண்டாள்.

“இது ராத்திரி போடறதும்மா,” என்றாள். “அவளுக்குப் படிக்க வராது. நான்தான் வரும்னு போட்டேன்.”

மாதம்மாள் மகளைப் பார்த்தாள். கோபிகா தலையைக் குனிந்துகொண்டு பாவாடையைப் பிழிந்தாள். தரையில் நீர் சொட்டியது.

மேஸ்திரியிடம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள் என டீச்சர் நினைத்தாள். இல்லை. மாதம்மாள் இன்னும் நம்பிக்கையை விடவில்லை. மூன்று அட்டையிலும் நூலில் மூன்று விதமாக முடிச்சுப் போட்டுக் கட்டிவிடலாம். காலைக்கு ஒரு முடிச்சு, மதியத்துக்கு இரண்டு முடிச்சு, ராத்திரிக்கு மூன்று முடிச்சு. அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“மணிப்படி குடுக்கச் சொல்லிட்டுப் போறேன். மணி பாக்கவாச்சும் இவளுக்கு வருமா டீச்சர்?”

அதுவும் கணக்குப் பாடத்தில் ஒரு வரிதான். டீச்சரின் கை தானாகக் கோபிகாவின் கார்டைத் தேடிப் போனது. அதைத் திறந்து பக்கத்தைப் புரட்டியது.

டிக் இருந்தது.

கோபிகாவுக்கு மணி பார்க்க வருமா என்று டீச்சருக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.