செருப்புக் காட்சி

தலைப்பாகையைக் கட்டிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் மூன்றாவது முறையாக வந்தார்.

“தம்பி, கடைசி வரியை முழுங்கிடாதீங்க. ‘அந்தக் காலம் போயே போச்சு.’ நல்லா அழுத்திச் சொல்லணும். கையெழுத்து அப்புறம்தான்.”

நாடகம் நடந்ததற்கு அவர் கையெழுத்து இல்லாமல் அடுத்த பள்ளியில் எங்கள் நாடகக் குழுவை நுழையவிட மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மேடையில், நிஜாம் காலத்தில் ஒரு ஊரையே ஆட்டிவைத்த ஜமீன்தார், தொரை நான். என் மாளிகையைச் செருப்புக் காலோடு யாரும் கடக்கக் கூடாது. கூலியாள் போச்சய்யா கடந்தான். அடித்தே கொன்றார்கள். அதுதான் நாடகம்.

முதல் காட்சியில், தொரைக்குப் பயந்த ஊர்க்காரராக நடிக்க ஒரு பிள்ளையைக் கூப்பிடுவோம். செருப்போடு வரும். நான் உறுமுவேன். பதறிக் கழற்றும். எல்லோரும் சிரிப்பார்கள்.

“நம்ம பஞ்சாயத்துத் தலைவர், சர்பஞ்ச் பையன் முன்னாடியே உக்காந்திருக்கான் பாருங்க” என்றார் தலைமையாசிரியர்.

இதையும் இவர்தான் சொல்ல வேண்டுமா? முன்வரிசையைத் தாண்டிக் கை நீட்டினேன். சுவரோரம் கடைசியாக இருந்த சிறுமி எழுந்தாள்.

“நானாண்ணா?”

பெயர் சம்பூர்ணா. ஆறாம் வகுப்பு. நாடகச் செருப்பை அவள் காலில் மாட்டிவிட்டோம்.

தரையில் சுண்ணாம்பால் மாளிகை வரைந்திருந்தோம். அதற்குப் பத்தடி முன்னாலேயே அவள் நின்றுவிட்டாள்.

செருப்பைக் கழற்றினாள். மாளிகைப் பக்கம் தெரியாதபடி மறுபக்கக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தலையைக் குனிந்து, ஓரமாக, விறுவிறுவென்று நடந்தாள்.

நான் இன்னும் உறுமவே இல்லை.

முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

“அடேங்கப்பா! சினிமாவுக்கே அனுப்பலாம்போல” என்று தலைமையாசிரியர் கைதட்டினார்.

மேளம் அடித்துக்கொண்டிருந்த எங்கள் குழுவின் சாயிலுவின் கை நின்றுவிட்டது.

“இவ்ளோ தூரத்துலயே கழட்டணும்னு யாரும்மா சொன்னா?” என்று கேட்டேன்.

“பெரிய வீட்டுத் தெருவுல வேப்பமரம் வரைக்கும் போட்டுக்கலாம்ணா. அதுக்கு மேல போட்டா எங்கப்பாவுக்கு வேலை குடுக்க மாட்டாங்க.”

நாடகத்தில் வேப்பமரமே கிடையாது.

“தம்பி, நேரமாச்சு. மீதியை விட்டுட்டுக் கடைசி வரியைச் சொல்லி முடிச்சிடுங்க.” தலைமையாசிரியர் பேனாவைத் திறந்துவிட்டார்.

கூட்டம் என்னைப் பார்த்தது. அவளும் பார்த்தாள், செருப்பைக் கக்கத்திலிருந்து எடுக்காமலே.

நான் சொல்லவில்லை. தலைமையாசிரியரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கை எழவில்லை.

இதற்கு முன் நாற்பத்தொரு பள்ளிகளில் அந்த வரியை அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றிலும் பிள்ளையை முன்வரிசையிலிருந்துதான் கூப்பிட்டேன்.