எழுந்து போனவர்கள்

மறுபடியும் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

கொரினாவுக்குப் பேச்சு தடுமாறியது. தலைநகர் கிஷினாவிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, இந்தக் கிராமத்து மகளிர் சங்கத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்தாள். காலையிலிருந்தே இதே கூத்துதான். இருவர் போவார்கள், மூச்சிரைக்கத் திரும்பி வருவார்கள். கொஞ்ச நேரத்தில் வேறு இருவர் கிளம்புவார்கள்.

சாப்பாட்டு வேளையில் சங்கத் தலைவி பரஸ்கோவியாவிடம் சொல்லிப் பார்த்தாள். ஏதேதோ சொல்லிப் பூசி மெழுகிவிட்டு, அந்த அம்மாளே அடுத்து நழுவினாள்.

முன்வரிசை அக்ரிப்பினா மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கண் அங்கே போய் வந்தது.

மாலையில் கொரினாவின் பொறுமை தீர்ந்துவிட்டது.

"பொறுப்பைப் பகிர்ந்துக்கணும்னு தொண்டைத் தண்ணி வத்தப் பேசறேன். நீங்க என்னடான்னா சந்தையில நடமாடற மாதிரி போறீங்க, வர்றீங்க. அக்ரிப்பினாவைப் பார்த்துக் கத்துக்குங்க. சங்கத்து வேலைக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் போடப்போறோம், பயிற்சியில முழுசா உட்கார்ந்தவங்களுக்குத்தான் அந்த வேலைன்னு முன்னாடியே சொன்னேன். அவங்க பேரைத்தான் எழுதப் போறேன்."

ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அக்ரிப்பினா ஏதோ சொல்ல எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பையைக் கட்டும்போதும் அந்தக் கைதட்டல் கொரினாவை உறுத்திக்கொண்டே இருந்தது. பரஸ்கோவியாவை ஓரமாக அழைத்து, திட்டு வாங்கிக்கொண்டு கைதட்டுகிறீர்களே, அப்படி எங்கேதான் போனீர்கள் என்று கேட்டாள்.

"அவ பேரை எழுதியாச்சா மேடம்?"

"எழுதியாச்சு."

பரஸ்கோவியா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"அவ வீட்டுக்குத்தான் போனோம். புருஷன் வால்நட் மரத்துலேருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமக் கிடக்கான். அப்பப்போ புரட்டிப் போடலேன்னா முதுகு புண்ணாயிடும். கனத்த உடம்பு, ரெண்டு பேராவது வேணும். முதல்லயே சொன்னா, இந்த நெலமையில இவ எப்படி வேலைக்கு வருவான்னு கழிச்சுக் கட்டிடுவீங்களோன்னு பயம். இனிமேலும் நாங்க பார்த்துக்குவோம்."

கொரினா பெயர் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவ உட்கார்ந்திருக்கணும்னா நாங்க எழுந்துதானே மேடம் ஆகணும்?"